பால் வாளியா, ஸ்டோர் விளக்கா, தண்ணீர் பைப்பா: சாப்பாட்டு மேசைக்கு மேலே எதைத் தொங்கவிடலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் இன்னமும் தோட்டத்துச் சாமான்கள் வந்து விழுகின்றன. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட இடங்களில், ரப்பர் பால் சேர்க்கும் பால் வாளிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ரப்பர் மிஞ்சியிருக்கும் சிறுதோட்டங்களிலும் பாலாக ஊற்றி எடுப்பது குறைந்து, மரத்தில் கட்டிய மங்கு என்னும் கிண்ணத்திலேயே உறையவிட்டுக் கட்டியாக எடுப்பதே வழக்கமாகிவிட்டது. ஆகவே வாளிகள், பால் கொண்டுவந்து சேர்க்கும் ஸ்டோரில் தொங்கிய எனாமல் விளக்கு மூடிகள், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைப் பிரித்தபோது கழன்ற பலகைகள், துருப்பிடித்த தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் கிலோ கணக்கில் எடை போடப்பட்டு உலைக்குப் போகின்றன.

இவற்றில் ஒன்றை எடுத்து வீட்டுக்கு விளக்காக்கிக்கொள்ள நினைப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். என்னிடம் யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு காப்பிக்கடைப் படத்தைக் காட்டி, "இது மாதிரி பைப்பில் செய்யலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். செய்யலாம். ஆனால் தேர்வை அங்கிருந்து தொடங்கக் கூடாது என்பது என் கட்சி. ஒரு பொருளை விளக்காக்க அதை எவ்வளவு அறுக்க வேண்டும், எத்தனை துளை போட வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். குறைவாக அறுக்க வேண்டியதை எடுங்கள். ஒவ்வொரு வெட்டும் வயரை உரசக்கூடிய ஒரு கூரான விளிம்பை உண்டாக்குகிறது. அதோடு, இந்தப் பழைய சாமான்கள் திரும்பக் கிடைப்பது அரிது. வெட்டிக் கெடுத்தால் கெட்டதுதான்.

மேசைக்கு மேலே தொங்கும் ஒற்றை விளக்கை மனத்தில் வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். மற்ற இடங்களைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

பால் வாளியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பக்கம் சுலபமாகக் கிடைப்பது அதுதான். கையில் ஒரு சிறு காந்தம் எடுத்துப் போங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம், ஒட்டினால் துத்தநாகம் பூசிய இரும்பு. விளக்குக்கு அலுமினியமே மேல். எடை குறைவு, துளை போடுவது சுலபம், துருப்பிடிக்காது. வாளியைக் கவிழ்த்து, அடிப்பாகத்தின் நடுவில் பத்து மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் போதும். கடையில் விற்கும் தொங்கு விளக்கு ஹோல்டர்களில் உள்ள திருகுக் குழல் பெரும்பாலும் அந்த அளவுதான். மொத்த வேலைக்கும் வெட்டு அந்த ஒன்றுதான். கைப்பிடி வாய்ப்பக்கம் இருப்பதால் கவிழ்த்தால் கீழே தொங்கும். அதைக் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளலாம், அல்லது விளிம்போடு ஒரு பக்கமாக மடக்கி விட்டுவிடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கைப்பிடி இருந்தால் பார்க்கிறவர்களுக்கு அது வாளி என்று தெரியும்.

கவிழ்க்காமல் நிமிர்ந்த நிலையிலேயே கைப்பிடியில் தொங்கவிட்டால் துளையே வேண்டாமே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வெளிச்சம் மேலே போய் சீலிங்கில் பட்டு மென்மையாக இறங்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் மழை விட்ட அந்தியில் ஈசல் கிளம்பும் ஊர் இது. மேல் பக்கம் திறந்திருக்கும் எந்த விளக்கும் ஒரு மாதத்தில் செத்த பூச்சிகளின் கிண்ணமாகிவிடும். சாப்பாட்டு மேசைக்கு மேலே அது வேண்டாம்.

வாளிக்குள் காய்ந்து ஒட்டியிருக்கும் பால்தான் பலரைப் பயமுறுத்துகிறது. வெந்நீரில் ஊறவைத்தால் பாதி உரிந்து வரும். மீதிக்கு மண்ணெண்ணெய் தோய்த்த துணியைக் கொஞ்ச நேரம் போர்த்தி வையுங்கள். ரப்பர் மண்ணெண்ணெயை உறிஞ்சி உப்பி இளகிவிடும், விரலாலேயே தள்ளலாம். வெளியில், நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு. அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவை மட்டும் அலுமினியத்தில் ஊற்றாதீர்கள். அது உலோகத்தையே அரிக்கும், எரியக்கூடிய வாயுவும் கிளம்பும். வாளியின் வெளிப்பக்கத்தில் பெயிண்டால் எழுதிய எண்ணோ தோட்டத்துப் பெயரின் எழுத்துகளோ இருந்தால் அங்கே சோப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாரோ ஒருவருடைய வாளி அது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து முடிந்து, காண்டா என்னும் தோள்கம்பில் அதைச் சுமந்துபோய், நிரை நிரையாய் மரங்களில் பால் வெட்டி, பாலோடு ஸ்டோருக்குக் கொண்டுவந்தவருடையது. மினுமினுவென்று தேய்த்துவிட்டால் சந்தையில் விற்கும் எந்த அலுமினியக் குடுவைக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது.

வெளிச்சம் எப்படி விழும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். வாய் 30 செ.மீ. அகலமுள்ள வாளியில் பல்பு விளிம்பிலிருந்து 20 செ.மீ. உள்ளே இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேசைக்கு மேலே 75 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டால், நேர் வெளிச்சம் மேசையில் சுமார் 1.4 மீட்டர் அகல வட்டமாக விழும். நாலு பேர் சாப்பிடும் மேசைக்கு அது சரியான அளவு. உட்கார்ந்தவர் கண்ணில் பல்பு நேராகப் படாது. ஆனால் அறையின் மூலைகள் இருட்டாகவே இருக்கும். வாளி ஒன்றை வைத்து முழுக் கூடத்துக்கும் வெளிச்சம் வேண்டும் என்றால் நடக்காது. பல்பை இன்னும் கீழே இறக்கினால் வட்டம் விரியும், கண்ணும் கூசும்.

இன்னொன்று சூடு. கவிழ்ந்த வாளியில் வெப்பம் மேலே தேங்கும், எல்இடி பல்பின் மின்னணுப் பகுதியோ அதே இடத்தில்தான் இருக்கிறது. எல்இடியின் ஆயுளைக் குறைப்பது சூடுதான். ஆகவே 4 முதல் 6 வாட்டுக்குள் நிறுத்துங்கள். 4 வாட் ஃபிலமென்ட் எல்இடி சுமார் 400 லூமென் தரும், பழைய 40 வாட் குண்டு பல்புக்கு அது சமம். நிறம் 2700 கெல்வின் இருக்கட்டும். நம் வீடுகளில் பழகிப்போன 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் மீன் குழம்பும் வெளுத்துத் தெரியும், பழைய உலோகமும் வெளுத்துத் தெரியும்.

அடுத்தது ஸ்டோர் விளக்கு. பால் ஆலையிலும் ரயில் நிலையத்திலும் பழைய கடைவீடுகளிலும் தொங்கிய, வெளியே பச்சையோ கருநீலமோ உள்ளே வெள்ளையும் பூசிய அகன்ற எனாமல் மூடி. ஒன்று நல்ல நிலையில் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். அது பிறந்ததே விளக்காக. கழுத்தில் துளை ஏற்கெனவே இருக்கும், நீங்கள் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் வெள்ளை எனாமல் வெளிச்சத்தை வீணாக்காமல் கீழே திருப்பும். ஆழம் குறைவாக இருப்பதால் வெளிச்சம் விரிந்து பரவும், சூடும் தேங்காது. மேசைக்கும் ஆகும், அடுப்படிக்கும் ஆகும், வாசல் மண்டபத்துக்கும் ஆகும்.

வாங்கும்போது இங்கேயும் காந்தம் உதவும். எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் உருக்கிப் பூசிய கண்ணாடி, அதனால் காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அது பெயிண்ட் அடித்த அலுமினியம். அதுவும் கெட்டதல்ல, ஆனால் எனாமல் விலை கொடுக்காதீர்கள். விளிம்பில் இரண்டு மூன்று இடங்களில் எனாமல் பெயர்ந்திருந்தால் கவலையில்லை. துருவைத் துடைத்து, நிறமில்லாத லாக்கரை அந்த இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் மேற்கொண்டு பரவாது. கழுத்துப் பக்கம் துரு தின்று தகடு காகிதமாகியிருந்தால் விட்டுவிடுங்கள், எடை முழுவதும் அங்கேதான் தொங்கும். டிரில்லை எனாமல் பக்கம் கொண்டு போகாமல் இருப்பது நல்லது. துளை போட்ட இடத்தைச் சுற்றி எனாமல் சில்லுச் சில்லாய்த் தெறிக்கும்.

உள்ளே இருக்கும் பழைய ஹோல்டரையும் வயரையும் கழற்றி எறிந்துவிடுங்கள். பேக்லைட் ஹோல்டர் பார்வைக்கு நன்றாக இருக்கலாம், ஆனால் வயதாகி நொறுங்கும் நிலையில் இருக்கும். துணி சுற்றிய ரப்பர் வயரை மடக்கினாலே உறை உதிரும். அந்தத் தோற்றம் வேண்டுமென்றால், வெளியே துணி பின்னிய புதிய வயர் கடைகளில் கிடைக்கிறது. ஸ்டோர் விளக்கின் ஒரே குறை கிடைப்பதுதான். இரும்புக் கடையில் அபூர்வமாக வரும். ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலைப் பழம்பொருள் சந்தையில் பார்க்கலாம், ஆனால் அங்கே விற்கிறவருக்கு அதன் மதிப்புத் தெரியும்.

பைப் விளக்குக்கு வருகிறேன். இதற்குத்தான் ஆசைப்படுபவர்கள் அதிகம், நானோ மேசைக்கு மேலே இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். துத்தநாகம் பூசிய அரை அங்குல இரும்புக் குழாய், அதாவது ஜிஐ பைப், மீட்டருக்கு 1.2 கிலோ போல வரும். எல்போ என்னும் வளைவு, டீ என்னும் மூவழி இணைப்பு, சுவர்த் தட்டு எல்லாம் சேர்த்தால் சின்ன விளக்கே மூன்று கிலோவைத் தொடும். பழைய பைப்பை அறுத்த ஒவ்வொரு முனையிலும் உட்பக்கம் பிசிர் நிற்கும், அதை அரத்தால் நன்றாக ராவாவிட்டால் வயரை உள்ளே இழுக்கும்போதே உறை கிழியும். எல்போ வளைவில் வயர் சிக்கும் என்பதால் ஒவ்வொரு துண்டாக வயரைக் கோத்துக்கொண்டேதான் பூட்ட வேண்டும். இவ்வளவு செய்த பிறகும் பல்பு மூடியில்லாமல் கண்ணுக்கு நேரே எரியும். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற இரண்டு பேருக்கு நடுவே அப்படி ஒரு வெளிச்சம் நல்லதல்ல.

பற்றவைத்து ஒட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். வெல்டிங் சூடு அதைவிடப் பல மடங்கு. அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். மரையில் திருகிப் பூட்டுவதோடு இருக்கட்டும்.

ஆனால் பைப்புக்கென்று ஓர் இடம் உண்டு. சுவரோடு பொருத்தும் விளக்கும், தரையிலோ மேசை ஓரத்திலோ நிற்கும் படிப்பு விளக்கும் பைப்பில் நன்றாக வரும். அங்கே எடை உதவிதான், விளக்கு சாயாது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் சீலிங்கைத் தொடாமல் பிளக்கில் செருகும் விளக்காக இது பொருந்தும். சாம்பிராணி வாசம் வரும் சின்ன முன்னறையில் ஒரு மூலைக்கு வெளிச்சம் வேண்டும் என்றால் நானும் பைப்பைத்தான் எடுப்பேன்.

பலகை விளக்கு என்பது லயத்து வீட்டுச் சட்டத்தையோ கதவுப் பலகையையோ சங்கிலியில் கிடையாகத் தொங்கவிட்டு, அதிலிருந்து மூன்று நான்கு பல்புகளை இறக்குவது. நீண்ட மேசை, பெரிய குடும்பம், தீபாவளிக்கு இருபது பேர் உட்காரும் வீடு என்றால் இதற்கு ஈடு இல்லை. மரத்தில் மின்சாரம் பாயாது என்பதால் எர்த் வேலையும் குறைகிறது. ஆனால் எடையைக் கணக்குப் போடாமல் இறங்காதீர்கள். செங்கால் என்னும் கனத்த உள்ளூர் மரம் கன மீட்டருக்கு 950 கிலோ போல இருக்கும். 120 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனமுள்ள ஒரு பலகை மட்டுமே ஒன்பது கிலோ. சீலிங் பலகை அதைத் தாங்காது. மேலே கூரைச் சட்டமோ கான்கிரீட்டோ எங்கே ஓடுகிறது என்று தெரிந்து, இரண்டு இடங்களில் கொக்கி போட வேண்டும். சீலிங் பழைய கல்நார்த் தகடாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால் டிரில்லைத் தொடவே வேண்டாம். ரப்பர் மரப் பலகை இலேசு, ஆனால் பதப்படுத்தாததைப் பூச்சியும் பூஞ்சையும் தின்றுவிடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போடாமல் நனைத்துத் தேயுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மங்குகளை வரிசையாகத் தொங்கவிடலாமா என்றால், பீங்கானில் துளை போட வைர முனை வேண்டும், பாதி உடையும், வெளிச்சமும் வராது. அவற்றில் செடி வையுங்கள்.

மண்ணெண்ணெய் காஸ் விளக்கைப் பற்றி மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். பெட்ரோமாக்ஸின் அடித்தொட்டியில் துளை போட்டு வயர் நுழைத்து மின்விளக்காக்கி விற்கிறார்கள். தொட்டிக்குள் பழைய எண்ணெயின் ஆவி இருந்தால் டிரில் பொறியே போதும் தீப்பிடிக்க. சுடரில் ஒளிரும் வலையான மேன்டில்களில், பழையவற்றில், தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு, அந்தச் சாம்பலைக் கையால் உதிர்த்து ஊதக் கூடாது. இவை ஒருபக்கம் இருக்க, தொட்டியும் பம்பும் முழுதாக இருக்கும் காஸ் விளக்கு ஒன்று இன்னும் எரியக்கூடிய விளக்கு. திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் தலையில் சுமந்துபோன வெளிச்சம் அது. பித்தளையைப் புளி போட்டு விளக்கி அலமாரியில் வையுங்கள். துளை போடாதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மின்சாரப் பகுதி புதிதாக இருக்க வேண்டும், அதில் சமரசம் இல்லை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உலோக உடல் உள்ள விளக்கு என்றால் மூன்று இழை வயர்தான் போட வேண்டும். பச்சை மஞ்சள் இழையை ஒரு வளையத்தில் கோத்து, பெயிண்டும் துருவும் சுரண்டிய உலோகத்தில் போல்ட்டால் இறுக்க வேண்டும். அலுமினிய வாளியில் செம்பு நேராகத் தொட்டால் ஈரத்தில் அரிக்கும், வெள்ளீயம் பூசிய வளையமும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் பயன்படுத்துங்கள். முடிந்ததும் மல்டிமீட்டரின் ஒரு முனையை பிளக்கின் எர்த் பின்னிலும் மறுமுனையை விளக்கின் உடலிலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். திருகு ஹோல்டரில் பழுப்பு இழை நடு முனைக்கும் நீல இழை திருகு வளையத்துக்கும் போக வேண்டும். மாற்றிவிட்டால் பல்பைக் கழற்றும்போது விரல் படும் இடத்தில் மின்சாரம் நிற்கும்.

வயர் துளைக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வாஷரும், இழுத்தால் நழுவாத பிடியும் வேண்டும். 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் மூன்று கிலோவுக்கு மேல் தொங்கவிடக் கூடாது என்பது பிரிட்டிஷ் வயரிங் விதி. வாளியும் எனாமல் மூடியும் அதற்குள் அடங்கும், இருந்தாலும் சங்கிலியில் எடையைத் தாங்கவிட்டு வயரைத் தளர்வாக விடுவதே என் வழக்கம். ஹோல்டரிலும் பிளக்கிலும் மலேசியத் தரச் சான்றான சிரிம் ஒட்டுவில்லை இருக்கிறதா பாருங்கள். பிளக்கில் செருகுவதானால் உள்ளே இருக்கும் 13 ஆம்பியர் பியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். சீலிங் புள்ளியில் இணைப்பதானால் பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளில் விளக்குப் புள்ளிக்கு எர்த் வயரே வந்திருக்காது. அப்படியானால் உலோக விளக்கை அங்கே மாட்டாமல், எர்த் உள்ள பிளக்கிலிருந்து வயரைச் சுவரோடு ஏற்றிக் கொக்கியில் தொங்கவிடலாம்.

போன வருஷம் அண்ணி புது வீட்டு மேசைக்குப் பைப் விளக்குதான் வேண்டும் என்று நின்றார். நான் வாளியையும் ஒரு பைப் துண்டில் பூட்டிய பல்பையும் கொக்கியில் மாற்றி மாற்றித் தொங்கவிட்டுக் காட்டினேன். பைப்பின் கீழே உட்கார்ந்ததும், "கண்ணு கூசுது தம்பி" என்றார். வாளி அங்கேயே இருக்கிறது, பைப்பை மாடிப்படி ஓரச் சுவருக்குப் போட்டுக் கொடுத்தேன். நீங்களும் துளை போடுவதற்கு முன்னால் இப்படிச் செய்து பாருங்கள். ஹோல்டரோடு பல்பை எரியவிட்டு, மூடியை அட்டையில் அதே அளவில் செய்து, ஒரு சாயங்காலம் அதன் கீழே சாப்பிட்டுப் பாருங்கள்.

ஆக, எனாமல் மூடி கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் அலுமினிய வாளி. நீண்ட மேசையும் நம்பத்தகுந்த சட்டமும் இருந்தால் மட்டும் பலகை. இரும்புக் கடைத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், முன்கூட்டியே சொல்லி வைப்பது உதவும். அலுமினியத்துக்குக் கிலோ விலை நன்றாகக் கிடைப்பதால் வாளிகள் கடையில் அதிக நாள் நிற்பதில்லை, பெரும்பாலும் நசுக்கிக் கட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். "தவுக்கே, நசுக்காத வாளி வந்தால் எனக்கு ரெண்டு எடுத்து வைங்க, எடை விலைக்கு மேலே தர்றேன்" என்று சொல்லி, கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.